ஆமைப்பொந்து

முழங்காவிலில் இருந்து வடக்கே நாலு கட்டை,
பிறகு வண்டிப்பாதை, பிறகு பாதையில்லை.
வீரை மரத்தடியில் நிலம் வாய் திறந்திருக்கும்,
ஒரு கடகம் கவிழ்த்தால் மூடிவிடுகிற அளவு.

உள்ளே போகிறவர் நெஞ்சை நிலத்தில் வைக்கவேண்டும்.
தலை, ஒரு தோள்,
மூச்சை விட்டு மற்றத் தோள்.
அதனால் ஆமைப்பொந்து.
ஆமை இங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

அளக்க வந்தவர்கள் மூன்று பேர்.
வழி காட்ட நான், நாளுக்கு மூவாயிரம், சாப்பாடு அவர்களுடையது.
பெட்டையின் பேர் நெத்மி. தமிழை
முட்டை தூக்குகிற மாதிரிக் கவனமாய்த் தூக்கிப் பேசினாள்.
நீளம் பதினொன்று தசம் நாலு மீற்றர்.
உயரம், கூடின இடத்தில், ஒன்று தசம் மூன்று.
"இது ஒரு காலம் கடல்," என்றாள் கூரையைத் தடவி.
சிப்பி ஒன்று அங்கே தலைகீழாய்ப் பதிந்திருந்தது.
எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வயதில் என் நெற்றி அதில்தான் முட்டியது.

கடல் இப்போது ஐந்து கட்டைக்கு அப்பால்.
ஆனாலும் பறுவத்தன்று அடிக்கிடங்கில் தண்ணீர்
ஒரு சாண் ஏறும், நாக்கில் வைத்தால் உவர்க்கும்.
சூளைக்காரர் ஒருமுறை அலவாங்கோடு வந்து
ஒரு துண்டை உடைத்து வெயிலில் பார்த்து
வெள்ளை போதாது என்று எறிந்துவிட்டுப் போனார்கள்.
அந்தத் துண்டு இன்னும் வாசலில் கிடக்கிறது.

பிறகு அவள் வெளிச்சம் சுவரில் விழுந்தது.
கோடுகள். இருநூறுக்கு மேலே.
சிலவற்றின் குறுக்கே வெட்டு.
விளக்கைத் தாழ்த்தினாள். குரலையும்.
"சண்டைக் காலத்து நாட்களா?"

இல்லைத் தங்கச்சி. அது கயித்தாம்பிள்ளையின் கணக்கு.
அக்கரையில் இருந்து வள்ளத்தில் வந்த பீடி இலை,
கட்டுக்கு ஒரு கோடு. கைமாறினால் வெட்டு.
வெட்டு விழாத கடைசிப் பதினேழும் நனைந்து போனவை.
மாரி அந்த வருசம் முந்திவிட்டது, முதலாளி நம்பவில்லை,
கயித்தாம்பிள்ளை இரண்டு மாட்டை விற்றான்.
பொலிசை விலக்கப் பொந்தில் பேய் என்று சொல்லித் திரிந்தவன்
கடைசியில், இருட்டினால்,
தானே அந்தப் பக்கம் போக மறுத்தான்.

நாங்கள் இருந்த ஒன்பது இரவுக்கு ஒரு கோடும் இல்லை.
பதின்மூன்று பேர். சுவரைத் தொடக் கை நீட்ட இடமில்லை,
முதுகில் ஆருடைய முழங்காலோ.
ஆட்டை வெளியே விடு என்று சத்தம் போட்ட அருளம்பலத்தார்
நாலாம் நாள் அதன் பாலைத்தான் குடித்தார்,
சிரட்டையில், ஒருவர் முகத்தையும் பாராமல்.
மேலே இரைச்சல் போகையில்
காது உடையாதிருக்க எல்லோரும் வாயைத் திறந்திருந்தோம்.
கூரை நுனியில் இருந்து ஒரு சொட்டு
யோகேஸ் அக்காவின் திறந்த வாய்க்குள் விழுந்தது.
அவ சிரித்தா.
அந்த இடத்தில், அந்த நேரத்தில்.
நாங்களும் சிரித்தோம், ஆடு மட்டும் இல்லை.

பத்தாம் நாள் விடிய எழும்பிக் கிழக்கே நடந்தோம்.
பிறகு நடந்தது பொந்துக்குத் தெரியாது.
யோகேஸ் அக்காவைப் பற்றியும்.

நெத்மிக்கு நான் கயித்தாம்பிள்ளை வரைக்கும்தான் சொன்னேன்.
படிவத்தில் 'பாவனை' என்ற இடத்தில்
பீடி இலை என்று தட்டினாள், தனக்குள் சிரித்து.

சொட்டு இன்னும் விழுகிறது.
கூரை நுனி ஆட்டுக் காம்பளவு தொங்குகிறது.
நூறு வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்,
சில வேளை அதுவும் இல்லை என்றாள்.
அவர்கள் கருவியை மடிக்கிற நேரம்
கீழே குந்தி வாயைத் திறந்தேன்.
கனநேரம் எடுத்தது.
உவர்ப்பு இல்லை. கொஞ்சம் சுண்ணாம்பு.

வெளியே வந்து பேர் கேட்டாள். எழுத்துக் கூட்டினேன்.
அவளுடைய ரப்லெற்றுக்குப் பொந்து என்றால் தெரியவில்லை,
தானாகவே திருத்தி
ஆமைப்பந்து என்று போட்டது.
"சரியா, அண்ணா?" திரையைக் காட்டினாள்.

வீரைப்பழம் காலடி எங்கும் சிவப்பாய்க் கொட்டிக் கிடந்தது.
சரி என்றேன்.
இனி வருகிறவர்கள் பந்தைத் தேடட்டும்.