ஆறு சென்டிமீட்டர்

ஆறடி நிலம் என்பது பெரிய மனிதர்களின் கணக்கு.
என்னிடம் இருப்பவை ஆறு சென்டிமீட்டர்.
ஆல்டர் மரம், ஆணிக்குக் குண்டூசித் தலை,
உள்ளே சிவப்பு வெல்வெட்:
இடித்துப் போட்ட ஒரு நாடகக் கொட்டகையின் திரைச்சீலையில்
பூச்சி அரிக்காமல் விட்ட பகுதி.
மூடியைத் தூக்கினால் கிறீச் என்று ஒரு சத்தம் வரும்.
அந்தச் சத்தத்துக்குத்தான் நாள் பிடிக்கிறது.
துருவேறிய கீலாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வோரு சந்தையில் சனிக்கிழமை, மூன்றாம் வரிசை.
இடப்பக்கம் உர்வே, கம்பளிக் காலுறை.
வலப்பக்கம் கவுப்போ, தேன்.
நான் கடை போட்ட முதல் வாரமே
கவுப்போ தன் மேசையைக் கால்வட்டம் திருப்பிக்கொண்டான்,
தேனை முகர்ந்து பார்ப்பவர்களின் கண்ணில்
என் சவப்பெட்டிகள் படாதபடி.
மூன்று வருடமாக அவன் முதுகுதான் எனக்குப் பழக்கம்.
ஸ்வெட்டரில், வலது தோளுக்குக் கீழே, ஒரு ஓட்டை.

இந்தப் பக்கத்தில் பிணம் கொண்டுபோகும் வழியில்
பைன் மரத்தில் சிலுவை கீறுவார்கள்.
மரம் வெட்ட வருபவன்கூட ஒதுங்கிப் போவான்.
அத்தனை சிலுவைகளையும் தாண்டி வண்டி ஓட்டி வருபவர்கள்
என் மேசையருகே வந்ததும்
வானிலை பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

யார்தான் வாங்குகிறார்கள்?
சிரித்துக்கொண்டே எடுப்பவர்கள் விலை கேட்டதும் வைத்துவிடுவார்கள்.
சிரிக்காதவர்கள் பையைத் திறப்பார்கள்.
பல் மருத்துவர் ஒருத்தி, நிச்சயதார்த்த மோதிரத்துக்கு.
பேருந்து ஓட்டுநர் ஒருவர், கடைசி சிகரெட்டுக்கு.
ஆறு வாரம் கழித்து அவரே வந்து
இன்னொன்று கேட்டார், கடைசி சிகரெட்டுக்கு.
தள்ளுபடி உண்டா என்றும் கேட்டார்.
தேவாலயத்தில் பாடும் பெண்மணி
இடத்தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பினாள்.
மூன்றாவது காலுறைமேல் விழுந்தது.
உர்வேக்குப் பணம் கொடுத்தது நான்.
பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி,
"உள்ளே யாரு?"
யாரும் இல்லை.
"அப்புறம் எதுக்கு மூடி?"
அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் கடைசி. தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தேன்.
கவுப்போ முன்பக்கமாக வந்து நின்றான்.
மீசை வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது.
கையில் தீப்பெட்டி. தள்ளித் திறந்தான்.
ராணித் தேனீ ஒன்று, முதுகில் நீலப் பொட்டு.
"நாலு கோடை," என்றான்.
"நோய் இல்லை, குளவி இல்லை. வயசு."
இருப்பதிலேயே சின்னப் பெட்டியில் வைத்துப் பார்த்தான்.
லேசாகச் சாய்த்தான்.
"ஆடுது," என்றான்.
ஆமாம், ஆடினாள்.

வீட்டில், மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு மூக்குக்கண்ணாடி,
பல்குத்தும் குச்சிகளைச் சீவிச் சீவி
இரண்டு சென்டிமீட்டரில் ஒன்று.
விரலில் இரண்டு வெட்டு. வெல்வெட் சிவப்பானதால் பரவாயில்லை.
கீலுக்கு இடமே இல்லை.
நான் செய்ததில் சத்தமில்லாத பெட்டி அது ஒன்றுதான்.

"எவ்வளவு?"
பன்னிரண்டு யூரோ.
"பெரிசுக்கும் பன்னிரண்டுதானே?"
சின்னதுக்கு நேரம் அதிகம்.
யோசித்தான். பேரம் பேச வாயெடுத்து விட்டுவிட்டான்.
ஒரு பத்து யூரோ நோட்டு, பிசுபிசுத்து ஒட்டிக்கொண்ட இரண்டு நாணயங்கள்.
ஒரு ஜாடித் தேனாவது தருவான் என்று நினைத்தேன்.
தரவில்லை.

மேசையையும் திருப்பவில்லை.
அதே கால்வட்டம், அதே ஓட்டை.
நவம்பரில் குஞ்சம் வைத்த தொப்பியோடு ஒரு சுற்றுலாக்காரி
அவன் பக்கம் குனிந்து, என்னைக் கண்ணால் காட்டி,
"இதையெல்லாம்கூட யாராவது வாங்குவாங்களா?"
முதுகு கொஞ்ச நேரம் அசையவில்லை.

"அளவைச் சரியாச் சொல்லிடுங்க," என்றது.
"இல்லேன்னா உள்ளே ஆடும்."