முப்பத்தேழு பொருள்கள்

சீர்ப்பட்டியலில் கிருஷ்ணகிரி கோர்ட் முத்திரை.
ஞாயிறு காலை சூளகிரியிலிருந்து
அவள் தம்பி குட்டியானையோடு வருவான்.

மகள் விட்டுப்போன வாட்டர் கலர் டப்பாவில்
வில்லைகள் காய்ந்து வெடித்திருந்தன.
மாங்கூழ் ஆலை கொடுத்த காலண்டரின் முதுகில்
தாளுக்கு மூன்றாக வரைந்தேன்.

முதலில் குக்கர்.
பதினோரு வருடம் அதன் சோற்றைத் தின்றவன்,
முறிந்த கைப்பிடியைச் செப்புக்கம்பி சுற்றிக்
கட்டியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.
என்றைக்குக் கட்டினாள்?
போன் போட்டுக் கேட்கலாம்.
கேட்கவில்லை.

களி கிண்டும் துடுப்பு
ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது,
அவள் கை சாயும் பக்கம்.
பழுப்பு தீர்ந்துபோய்
டீ டிகாஷன் தொட்டேன்.

வரைந்ததை வரைந்ததைக் கதவோரம் நகர்த்தினேன்.
கனம் ஒன்றும் குறையவில்லை,
பீரோ பீரோவாகத்தான் இழுத்தது.
அதை உதைத்த கோபத்தை மட்டும்
எங்கே வைத்தேனென்று தெரியவில்லை.

எவர்சில்வர் குடம்தான் படுத்திவிட்டது.
மினுக்கத்துக்கு வண்ணமே கிடையாது அப்பா,
சுற்றிலும் இருட்டைப் பூசிட்டு
அந்த இடத்தைச் சும்மா விட்டுடணும்
என்பாள் மகள்.
விட்டேன்.
விட்ட இடத்துக்குப் பக்கத்தில்
புள்ளி புள்ளியாய் 'மு. நாகவேணி'.
நான் வருமுன் வெட்டிய பெயர்.
அந்த 'மு'வுக்கு மிக மெல்லிய தூரிகை
வேண்டியிருந்தது.

தம்பி இரண்டு முறை எண்ணினான்.
சரியாக இருந்தது.
கயிற்றை இறுக்கியவன்
மேசையில் கவிழ்ந்து கிடந்ததைக் காட்டி,
"இது லிஸ்ட்ல இல்லையே மாமா?"

"போன வருசத்துக் காலண்டர்" என்றேன்.