செய்முறைப் பக்கங்கள்

படம் முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில்.

பாடாங் செராயில் கிடைக்கிற பொருள்
எதுவானாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சிக்கு நோரைடா.
சியூ லிங், அப்பாவின் பட்டறையிலிருந்து
மோட்டார் கழிவெண்ணெய்.
ஹஃபிஸா, தே தாரிக் வடிகட்டிய துணி,
கடையில் கெஞ்சி வாங்கியது.
நான், மைலோ டின்னில் கித்தாப்பால்.
பக்கத்து வீட்டு நாகவேணி அக்கா வெட்டி வந்தது,
உறையாமலிருக்க இரண்டு சொட்டு அமோனியாவோடு.
"கிலோ என்ன விலைன்னு தெரியுமாடி,
படம் போடக் கேக்குறியே" என்று
சிரித்துக்கொண்டேதான் ஊற்றினாள்.

முழங்கை யாருடையது என்ற வழக்கு
இன்றுவரை தீரவில்லை.
டின் சாய்ந்தது.
வரைதாளின் குறுக்கே பால் ஓடி
மூலையில் தயங்கி நின்றது.
துடைக்கப் போனேன்; விரலோடு நூல் திரிந்தது.
காய்ந்தால் உரிந்துவிடும் என்றாள் சியூ லிங்.
காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டு
மூவரும் போய் கறிபாப் தின்றோம்.

வந்து பார்த்தால் வெள்ளை போய்
பழைய நகம்போல் மஞ்சள்.
மறைப்பதற்காக, வேறொன்றுக்குமில்லை,
திடலோரத்துச் செம்மண்ணைக் குழைத்து
மேலே பூசினேன்.
மண் காய்ந்ததும் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன்.

ஒரே தோலாக வந்தது.
அடியில்,
பால் போன வழியெல்லாம் தாள்
ஒன்றுமே நடக்காததுபோல் வெளுத்திருந்தது.
சுற்றிலும் மண்.

சிக்கு வந்தார். தலையைச் சாய்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.
"நல்லா இருக்கு," மலாயில்தான் சொன்னார்,
"செய்முறை எங்கே?"

பாதிப் புள்ளி செய்முறைக்கு.
பன்னிரண்டு பக்கம்:
எண்ணம் பிறந்த விதம், பொருள் ஆய்வு,
தோற்ற முயற்சிகள், தேர்ந்ததற்குக் காரணம்.
எனக்குப் பிறந்ததெல்லாம் பயம்தான்.

அன்றிரவே சாப்பாட்டு மேசையில்
பின்னாலிருந்து முன்னால் உழைக்க ஆரம்பித்தேன்.
முதல் பக்கத்தில், நான் நினைக்கவே நினைக்காத ஒரு மரம்.
இரண்டில் அம்புக்குறிகள்.
மூன்றில் ஒரு கேள்வி, அடியில் இரண்டு கோடு போட்டு.
தேதிகளையெல்லாம் பழசாக்கி
வேறுவேறு பேனாவில் எழுதினேன்.

நான்காம் பக்கத்தில் கை நின்றது.
'தோல்வி ஒன்று.'

வேண்டுமென்றே தோற்பது லேசில்லை.
கோணலாய் இழுத்தால் கோணல்
சப்பணமிட்டு அழகாய் உட்கார்ந்துகொள்கிறது.
தண்ணீர் கலந்தேன்: ஓரம் பூசணம்போல் பரவி
பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது.
எலுமிச்சை பிழிந்தேன்: கண்ணெதிரே திரிந்தது.
தம்பி யுகேன் மூக்கைப் பொத்திக்கொண்டு
அறைக்கதவைச் சாத்தினான்.

சாமான் சுற்றிவந்த பழுப்புத்தாளில் தடவி
காயுமுன்பே இழுத்தேன்.
தாளும் சேர்ந்து பிய்ந்தது.
பிய்ந்த இடத்தில் நார்நாராய்,
நனைந்து உதறிய நாயின் முதுகுபோல்
ஏதோ ஒன்று எழுந்து நின்றது.

இதற்குச் செய்முறை எங்கே?

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
சாலையை அதிரவைத்துப் போனது.
மணி ஒன்றரை.
தோல்வி பதினேழு வரை வந்திருந்தேன்.
ஒரு பொய்க்கு இவ்வளவு தேவையே இல்லை.

வெள்ளிக்கிழமை கொடுத்தேன்,
திங்கட்கிழமை திரும்பி வந்தது.
உள்ளே ஒரு சொல் இல்லை.
நான்காம் பக்கத்துத் தேதியைச் சுற்றி மட்டும்
சிவப்பு வட்டம்.
பிப்ரவரி 30.

வட்டத்தில் பாதிதான் தாளில் இருந்தது.
மறுபாதி, சிந்திக் காய்ந்த பாலின்மேல்
மை பிடிக்காமல்
புள்ளி புள்ளியாய் வழுக்கியிருந்தது.
நகத்தால் கிளப்பினேன்.
விரல்நுனியில் சிவப்பாய் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சியூ லிங்,
கழிவெண்ணெய் மிச்சம் இருக்கா?"