பத்து மதிப்பெண் வினா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டிய
ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை.
பாதி நாள் கேட் மூடியே கிடக்கும்.
காத்திருக்கும் பேருந்துகளின் உறுமலில்
மெஷினின் கண்ணாடி நடுங்கும்.

பாடத்தில் இருந்த கதையை
வகுப்புக்கு நாற்பத்து மூன்று பிரதி எடுத்தேன்.
நான் அதைப் படித்ததும் அப்படித்தான்,
ஒவ்வொரு தாளாக, சூடு ஆறுமுன்.

ஒரு பம்புசெட் கொட்டகை.
மோட்டார் திருட வந்தவன் என்று ஒருவனைத்
தென்னையில் கட்டுகிறார்கள்.
விடியும்போது அவன் தலை தொங்கியிருக்கிறது.
கதை சொல்பவனுக்குப் பெயரில்லை.
நாங்கள் பிடித்தோம் என்கிறான்.
நாங்கள் கட்டினோம், நாங்கள் டீ குடித்தோம்.
ஒரே ஓர் இடத்தில் மட்டும்
வாக்கியத்தில் ஆளே இல்லை:
அடி விழுந்தது.

மும்தாஜ் பேகம்தான் பென்சிலால் கோடு போட்டாள்.
அப்புறம் கடைசி வரியைக் காட்டினாள்.
"சரி, விடிஞ்சிருச்சு. நாம கெளம்பலாம்."
மற்றவர்கள் எல்லாரும் முன்பே போய்விட்டார்களே,
இவன் யாரைக் கூப்பிடுகிறான் என்றாள்.

திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் மெஷின்தான் இருந்தது,
விளக்கு எரிந்தபடி.

நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே,
நாம் என்றால் உள்ளே.
பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான்,
இரண்டு மதிப்பெண்ணுக்கு.

கோரையாற்றுக் கரையில் எங்கள் வீடு.
எதிர்வீட்டுச் செங்கமலம் எரிந்த இரவைப் பற்றி
ஸ்டேஷனிலிருந்து வந்து கேட்டார்கள்.
அப்பா சொல்லச் சொல்ல
என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று
நான்தான் எழுதினேன்.
நாங்கள் அனைவரும் உறங்கிவிட்டோம்.
துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும்
பால்காரருக்கும்
அதே வாக்கியம்தான்.
சொல்லிச் சொல்லி
ஆற்றுக்கல் போல வழுவழுப்பாகிவிட்டது.

நேற்று இரவு
சோற்றைப் பிசைந்தபடி தம்பி கேட்டான்:
"அக்கா, நாம அன்னிக்கு
முழிச்சுத்தானே இருந்தோம்?"

அம்மா ரசம் ஊற்றினாள்.
யாரும் கேட்கவில்லை.
தட்டு வழிந்த பிறகும் ஊற்றினாள்.

இன்று தேர்வு.
கதைசொல்லியின் நோக்குநிலையை விளக்குக.
அந்தக் கதையில், என்று தொடங்கி
ஒன்றரைப் பக்கம் ஓடியது பேனா.
பிறகு பார்த்தால்
கொட்டகை இல்லை, தென்னை இல்லை,
எதிர்வீட்டு ஜன்னலின் வெளிச்சம்
எங்கள் சுவரில் ஆடியதை எழுதிக்கொண்டிருக்கிறேன்,
நாங்கள் பார்த்தோம் என்று.

நாங்கள் என்ற சொல்லை அடித்தேன்.

அடித்தது யார் என்று
இந்த வாக்கியத்தில் இருக்கிறது.