லேசாக

சிலிண்டர் கழுத்தில் சிவப்புப் பட்டை.
"இது லேசாகத் தீப்பிடிக்கும்" என்றாள்
பயிற்சி தர வந்த ஷெர்லின்.
"லேசாகன்னா எவ்வளவு மேடம்?"
பின்வரிசை ஜஸ்டஸ் கேட்க,
களியக்காவிளை பெயிண்டுக்கடை மாடியில்
பன்னிரண்டு பேர் சிரித்தோம்.

அவள் ஒரு தட்டை நீட்டினாள்.
ஒன்பது லைட்டர், ஒரு தீப்பெட்டி,
என் காதிடுக்குப் பீடி.

மணம் கிடையாது. காற்றைவிடக் கனம்.
கசிந்தால் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
டார்ச்சைக் கையில் எடுக்கும் முன்
கேஸை முழுக்க இறக்கு,
நைட்ரஜன் விட்டுக் குழாயைக் கழுவு,
தரையோடு காற்றை ஓட்டு.
பதினெட்டு வருஷமாய்
மூக்கை நம்பிப் பிழைத்தவன்
அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை பாறசாலையில்.
செக்போஸ்ட் தாண்டியதும்
பலகைகளில் எழுத்து உருண்டுவிடும்.
பத்துக்குப் பத்து அறை, சாத்திய சன்னல்.
கட்டில்காலருகே கொசுவத்திச் சுருள்
கால்வாசி எரிந்து.

அணைத்தேன்.
சன்னல் கதவு எல்லாம் திறந்தேன்.
டேபிள்ஃபேனை வாசற்படியோரம் தரையில் வைத்து
வயரை வெளியறையில் சொருகி
முற்றத்தில் போய் நின்றேன்.

வீட்டுக்காரர் மணி பார்த்தார்.
"எந்தா, பணி துடங்ஙுன்னில்லே?"
போன தடவை வந்தவன்
பத்தே நிமிஷத்தில் முடித்துக் கிளம்பினானாம்.
கெட்டிக்காரனாம்.

போன தடவை வந்தவன் நான்தான்.
தொப்பி போட்டிருந்தேன்.

அன்றைக்கும் சுருள் எரிந்திருக்கும்.
பார்த்ததாக ஞாபகம் இல்லை.

உள்ளே ஃபேன்
ஆளில்லாத கட்டிலடியைத்
துழாவிக்கொண்டே இருந்தது.
"இன்னும் அரைமணி" என்றேன்.