பன்னிரண்டாவது மூக்கு

இரண்டாவது அலைக்குப் பிறகு
வாசனை எதுவும் எனக்குப் பிடிபடுவதில்லை.
துக்ளகாபாத் கோட்டையின் நிலவறையில்
இரண்டு முகக்கவசத்துக்குள்ளும் ஹர்லீன் குமட்ட
நான் சும்மா நின்றேன்.

நீங்கள் எத்தனை மூக்கு எடுத்திருப்பீர்கள், என்றாள்.
எண்ணவில்லை.
சாகேத் மெட்ரோ வாசலில் கூடாரம் போட்டு
ஒரு நாளைக்கு முந்நூறு.
தும்மியவர்கள், கையைத் தட்டிவிட்டவர்கள்,
முடிந்த பிறகும் என் கையை விடாத
ஒரு கல்யாண பேண்ட் வாத்தியக்காரர்.
பிறகு கறுப்புப் பூஞ்சை வார்டு.
அங்கே மூக்கை எடுப்பது என்றால்
வேறு அர்த்தம்.

இது வெள்ளை.
பனி விழும் தேசத்துக் குகைகளில்
உறங்கும் வௌவாலின் மூக்கில் பூப்பது.
ஊறுகாயில், ஈரச் சுவரில், மறந்த ரொட்டியில்
பூஞ்சணம் பூத்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்.
பிச்சிக்கும் அதே வினைச்சொல்.

அது கொல்வதில்லை, என்றாள் ஹர்லீன்,
எழுப்பிவிடுகிறது.
அவ்வளவுதான்.
குளிர்காலத்துக்கென்று சேர்த்த கொழுப்பில்
எழும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு எரிந்துவிடும்.
பூச்சியே இல்லாத பகலில்
பசியோடு வெளியே பறந்துபோய்
பனிமேல் விழுந்து கிடக்கும்.

எழுப்புவது என் தொழில்.
விடிகாலை நாலு மணிக்கு
வெப்பமானியோடு போய்த் தோளைத் தட்டுவேன்.
பதினான்காம் கட்டில் குந்தன்லால்
இப்போதுதான் கண்ணை மூடினேன் மகளே என்பார்,
தினமும்.
பாவம், தூங்கட்டும் என்று
ஒருநாள் தட்டாமல் தாண்டிப் போனேன்.
அது தூக்கமில்லை.

இந்த ஊரில் அந்த நோய் இதுவரை இல்லை என்கிறார்கள்.
இல்லை என்று சொல்லவும்
யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா.

வாசலில் காவலர் மெஹர்பான்
தொல்லியல் துறையின் கடிதத்தைத்
தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.
வௌவால் வீட்டு விருந்தாளி
தலைகீழாய்த்தான் தொங்கவேண்டும்.
சிரித்துவிட்டேன்.
ஏன் என்று கேட்ட ஹர்லீனுக்கு
என் இந்தியில் அதைச் சொல்லத் தெரியவில்லை.

எலிவால் வௌவால்கள்.
விரிசலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு,
வாலடியில் திரண்ட கொழுப்போடு,
கையுறை தொட்டதும் தெரியாத குளிர்ச்சியில்.
மூக்கு ஒவ்வொன்றும் ஓர் அரிசி.
அதைவிடச் சன்னமான பஞ்சு என் விரலில்.
முதலாவது, துடைத்து முடித்தபின்
மெல்ல நடுங்கத் தொடங்கியது.
சூடேற்றிக்கொள்கிறது, என்றாள் ஹர்லீன்.
ஒரு பங்கு, என்று நினைத்துக்கொண்டேன்.
இரண்டாவது. மூன்றாவது.
பதினொன்று வரை கை நடுங்கவில்லை.
அவைதாம் நடுங்கின.

பன்னிரண்டாவதன் முன் பஞ்சோடு நின்றேன்.
கூட்டத்திலிருந்து தள்ளி, தனியே, கண் இறுகி.
பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன்.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு விலா ஒருமுறை அசைந்தது.
மூச்சு இருக்கிறது.
அதை மட்டும் உறுதி செய்துகொண்டு
அதன் பக்கத்துச் சுவரைத் துடைத்துக் குப்பியில் போட்டேன்.
சீட்டில் 'சுவர்' என்றே எழுதினேன்.
பொய் எழுதிப் பழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்து ஹர்லீனின் செய்தி வந்தது:
பதினொன்றிலும் இல்லை.
சுவரில் என்னென்னவோ பூத்திருக்கிறது,
எதுவும் நாம் தேடியது இல்லை.
பன்னிரண்டாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
அது நலமாய் இருக்கிறதா என்று
உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அன்று இரவும் பணி.
நாலு மணி. ஜன்னலுக்கு வெளியே
எதிர்க் கட்டிடத்தைத் தின்றுவிட்ட புகைமூட்டம்.
ஆறாம் கட்டிலில் புதிதாய் வந்த பெண்
வாய் திறந்து அசந்து தூங்கினாள்.
விளக்கைப் போடவில்லை.
போர்வை ஏறி இறங்குவதை
ஒரு முழு நிமிடம் நின்று எண்ணினேன்.
பதினாறு.

பிறகு தோளைத் தட்டினேன்.