முழந்தாளிடும் பஸ்

எட்டாம் இலக்க பஸ்
முதன்முதல் எனக்காக முழந்தாளிட்டது
போன கார்த்திகையில்.
நான் கேட்கவில்லை.
சாரதி என்னைப் பார்த்தான்,
ஒரு பொத்தானை அழுத்தினான்,
பெருமூச்சு விட்டு வலப்பக்கம் சரிந்து
வீதியோரப் பனிவரை வாசலை இறக்கித் தந்தது
அந்தப் பெரிய பிராணி.

வேறு ஆருக்கோ என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் நின்றவன்
கையில் ஹொக்கி மட்டை,
கால்களில் பதினேழு வயது.

இருபத்தாறு வருஷம்
எட்மன்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் நிலவறையில்
ஈரத் துணிமூட்டை தூக்கியவள் நான்.
தூக்கியது போதும் என்று
ஓய்வெடுத்த அன்று இருந்தேன்.
நாலு வருஷம் இருந்தேன்.
அதே சோபா, அதே மூலை,
என் உருவத்துக்கு ஒரு பள்ளம்.
இருக்க இருக்க
எழும்புகிற வேலை
என்னை விட்டு எழும்பிப் போய்விட்டது.

ஜோசலின் ஒரு கதிரையைச் சுவரோடு சாத்தினாள்.
கைகளை மார்பில் குறுக்காகக் கட்டச் சொன்னாள்.
எழும்பு. இரு. எழும்பு. இரு.
முப்பது செக்கன்.
"ஆறு" என்றாள்.
"ஆறா?"
"ஆறாவது பாதிதான்.
ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன்."

மகன் போனில் சொல்லுவான்:
"அம்மா, படி இறங்காதேங்கோ,
அரிசி மூட்டையை நான் வந்து எடுத்துத் தாறன்."
அன்புதான்.
எனக்கு முதல் கதிரை போட்டதும்
அந்த அன்புதான்.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்கு,
கடைகள் இன்னும் கண் திறக்காத மோலில்
மூன்று பேர் சுற்றுகிறோம்.
இடுப்பு மாற்றிய பல்விந்தர் சிங்,
ஊன்றுகோலோடு ஒலேனா, நான்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
செருப்புக் கடையிலிருந்து நகைக் கடை,
நகைக் கடையிலிருந்து செருப்புக் கடை.
சிங்கின் மருமகள் கதை நீள நீள
அவர் நடை சுருங்கும்.
ஒலேனா கோலால் தரையைத் தட்டுவாள்:
வாய் நடந்தது போதும்.

வீட்டில், சோறு வேகும்வரை
குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு
குதிக்காலைத் தூக்கி இறக்குகிறேன்.
கஞ்சி பொங்கி வழிந்தால் அன்றைக்கு ஐந்து குறைவு.

தையில் எட்டு.
மாசி முடியப் பத்து.
பங்குனியில் காய்ச்சல் வந்து
பதினொரு நாள் படுத்தேன்.
திரும்பவும் ஏழு.
ஜோசலின் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டாள்.
நான் சுளித்தேன்.
பத்தை ஏறுவதற்கு மூன்று மாதம்,
இறங்குவதற்கு ஒரு கட்டில்.

இது இறக்கம்தான்,
எனக்குத் தெரியாதா?
பிரேக்கில் கால் இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

நேற்றிரவு மூன்று மணி, குளியலறை.
மகன் பூட்டித் தந்த கம்பி
சுவரில் மினுங்கிக்கொண்டிருந்தது.
நீட்டிய கையை மடக்கினேன்.
மூக்கு முழங்காலைத் தாண்டச் சாய்ந்து,
குதிக்காலை ஊன்றி,
ஒரு மூச்சு,
எழும்பினேன்.

ஒருவரும் எண்ணவில்லை.
தண்ணீர் மட்டும்
சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது.

காலையில் அதே பஸ், அதே சாரதி.
அவன் கை பொத்தானுக்குப் போனது.
வேண்டாம் என்று வாயெடுத்தேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

குனிந்து நிமிர
அதுக்கும் பழக்கம் வேணும்தானே.